நடுவில் கேட்காத பேஸ்

பாலக்கரை குடோனைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். அதனால்தான் அந்த ஸ்பீக்கர் பெட்டியைத் திறக்க வேண்டி வந்தது. நானாக மனம் திருந்தித் திறந்தேன் என்று நினைத்துக்கொள்ளாதே. நாலு வருஷமாகப் பழைய பேனர் துணியைப் போர்த்திக்கொண்டு மூலையில் கிடந்தது. ஒற்றை ஆளாகத் தூக்க முடியவில்லை. கனத்தைக் குறைக்கலாம் என்று முன்பக்கத்து வலையைக் கழற்றி, எட்டு ஸ்க்ரூவையும் எடுத்து, ஸ்பீக்கரை வெளியே இழுத்தேன். கருகிய காயிலின் வாடை குப்பென்று அடித்தது. முசிறியில் அன்று சாயங்காலம் அடித்த அதே வாடை. இத்தனை நாள் பெட்டிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது.

ஸ்பீக்கரின் பின்னால் சிவப்பு வயர் இருக்க வேண்டிய முனையில் கறுப்பு இருந்தது. கறுப்பின் இடத்தில் சிவப்பு. பற்றவைத்தது யார் என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஈயத்தை இவ்வளவு தாராளமாக வைக்கிறவன் நான் ஒருவன்தான். கொழுக்கட்டை பிடித்து வைத்திருக்கிறான் என்று கேலி செய்வாயே, அதே கொழுக்கட்டை. இந்தப் பெட்டியை வைத்துத்தான் உன்னைத் திருடன் என்று ஊரெல்லாம் சொன்னேன். அது பொய் என்று எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். நீ படிக்கப் போவதில்லை என்ற தைரியமும் இருக்கிறது.

நாம் இரண்டு பேரும் ஐ.டி.ஐ-யில் எலக்ட்ரீஷியன் படித்தவர்கள். சிவப்பும் கறுப்பும்தான் முதல் வாரப் பாடம். நான் காட்டூரிலிருந்தும் நீ ஸ்ரீரங்கத்திலிருந்தும் வந்து, ஒரு குட்டியானை வண்டியில் சாமானை ஏற்றிக்கொண்டு, ரிசப்ஷன், காதுகுத்து, காலேஜ் விழா என்று ஒன்பது வருஷம் சுற்றினோம். லேப்டாப்பும் மிக்சரும் என் பக்கம். பெட்டி, வயர், ஆம்ப்ளிஃபயர் உன் பக்கம். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கையைத் தூக்கி ஆடுகிறவன் நான் என்பதால் எல்லோருக்கும் என்னைத்தான் தெரியும். உன்னை மண்டபத்து ஆள் என்று நினைத்துக்கொண்டு, ஃபேன் சுற்றவில்லை என்று வந்து முறையிடுவார்கள். நீயும் போய் அதைச் சரி செய்துவிட்டு வருவாய்.

நெஞ்சை அதிரவைக்கிற அந்தக் கனத்த சத்தம், அந்த பேஸ் விஷயத்தில் உனக்கும் எனக்கும் ஒத்துப்போனதே இல்லை. மேடைக்கு அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று என்று வாழைமரம் கட்டுகிற மாதிரி பெட்டிகளை வைக்கச் சொல்வார்கள் விழா வீட்டார். ஃபோட்டோவுக்கு அதுதான் லட்சணம். நானும் அதே கட்சி. நீ இரண்டு பெட்டியையும் தரையில், ஒன்றோடொன்று ஒட்டினாற்போல், ஒரே பக்கமாகச் சுவரோரம் தள்ளுவாய். "சுவரு சும்மாதான நிக்குது, அதுக்கும் ஒரு வேல குடுப்போம்" என்பாய். சுவரை ஒட்டி வைத்த பெட்டி அதே கரண்டில் இன்னும் கனமாகப் பேசும் என்பது உண்மைதான். ஆனால் பார்ப்பதற்கு, வீடு மாற்றுகிறவர்கள் பீரோவை இறக்கி வைத்துவிட்டு டீ குடிக்கப் போன மாதிரி இருக்கும்.

அப்புறம் உன் நடை. செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரே ஒரு பேஸ் சத்தத்தைத் திரும்பத் திரும்பப் போடச் சொல்லி, ஹாலில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடப்பாய். சத்தம் எங்கே வீங்குகிறது, எங்கே வற்றுகிறது என்று உள்ளங்காலால் பார்ப்பாய். ஸ்ரீரங்கத்து மண்டபம் ஒன்றில் நீ இப்படி நடந்ததைப் பார்த்த சமையல்காரர், பந்திக்கு அளக்கிறாய் என்று நினைத்து, வரிசைக்கு எத்தனை இலை என்று கேட்டார். நீ கொஞ்சமும் சிரிக்காமல் நாற்பது என்றாய். ஜன்னல் கதவு கடகடத்தால் பேப்பர் கப்பை மடித்துச் செருகிவிட்டு வருவாய். நான் பேஸ் குமிழைத் திருகப் போனால் கையைத் தட்டிவிடுவாய். "மத்ததக் குறைடா. அது தானா மேல வரும்." சொன்னபடியே வரும். அதில் எனக்கு எரிச்சல்தான் வந்தது என்பதை இப்போது ஒளிப்பானேன்.

முசிறியில் அது வாழைக்காய் மண்டிக்காரர் வீட்டு ரிசப்ஷன். அது ஒன்று நன்றாக அமைந்தால் காவிரிக்கரை ஊர்கள் எல்லாம் நமக்குத்தான் என்று பேசிக்கொண்டோம். முந்தின நாள் நீ உன் பெண்ணின் ஸ்கூலுக்குப் போயிருந்தாய். ஒரு பெட்டியில் வயர் விட்டுப்போயிருந்தது. நானே ஸ்பீக்கரைக் கழற்றிப் பற்றவைத்து மூடினேன். ஃபோனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, யாரிடமோ பேசிக்கொண்டே செய்த வேலை. உன் வேலையில் கை வைத்தால் நீ முறைப்பாய் என்று உன்னிடம் சொல்லவில்லை.

மறுநாள் விழா நடந்த மைதானத்தில் ஒரு சுவர்கூடக் கிடையாது. அலங்காரக்காரர்கள் பெட்டிகளை மேடைக்கு இரண்டு பக்கமும் வைக்கச் சொல்லி, அவற்றைச் சுற்றிச் செவ்வந்திச் சரமும் சீரியல் விளக்கும் கட்டிவிட்டார்கள். வழக்கம்போல ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தோம். இடது பெட்டி தனியாக நன்றாக அடித்தது. வலது பெட்டியும் தனியாக நன்றாக அடித்தது. இரண்டையும் சேர்த்துப் போட்டதும், மைதானத்தின் நடுவில் நின்றிருந்த நீ கையை ஆட்டினாய். அங்கே பேஸே இல்லை, தகர டப்பாவைத் தட்டுகிற மாதிரி இருக்கிறது என்றாய். என் மேஜை இடது பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தது. எனக்கு மேஜையே அதிர்ந்தது. உனக்குக் காது அடைத்துவிட்டது என்றேன்.

ஒரு பெட்டி காற்றை முன்னால் தள்ளும்போது இன்னொன்று பின்னால் இழுத்தால், நடுவில் நிற்கிறவனுக்கு இரண்டும் கழிந்து ஒன்றும் மிஞ்சாது. ஒரு பெட்டியில் மட்டும் வயர் மாறியிருந்தால் நடப்பது அதுதான். தனித்தனியாகப் போட்டால் தெரியவே தெரியாது. நீ ஒரு நிமிஷத்தில் யூகித்துவிட்டாய். மேஜைக்கு வந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் குனிந்து கேட்டாய்.

"நேத்து பெட்டிய யாராச்சும் தொட்டாங்களா மாப்ள?"

"யாரும் தொடல" என்றேன்.

யோசித்துச் சொன்ன பொய் இல்லை அது. வாயில் வந்துவிட்டது. அதன்பிறகு அதைத் திரும்ப விழுங்க எனக்கு மனமில்லை. இரண்டு பெட்டியையும் ஒரே ஒரு நிமிஷம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம் என்று கெஞ்சினாய். பூவைக் கலைக்க விடமாட்டேன் என்றேன். அதற்குள் கல்யாணப் பெண்ணின் தம்பிகள் ஆடுவதற்கு நடுவில் வந்து நின்று, பேஸ் எங்கே என்று சத்தம் போட ஆரம்பித்தார்கள். நான் ஏற்றினேன். இன்னும் ஏற்றினேன். ஆம்ப்ளிஃபயரில் சிவப்பு விளக்கு அணையாமல் எரிந்தது. நீ ஓடி வருவதற்குள் வலது பெட்டியிலிருந்து புகை கிளம்பிவிட்டது. பந்தியில் உட்கார்ந்திருந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்தார்கள்.

மண்டிக்காரர் கோபக்காரர் இல்லை. என்ன ஆச்சு தம்பி என்றுதான் கேட்டார். வயர் மாறிவிட்டது ஐயா, என் தப்பு என்று சொல்லியிருந்தால் அவர் அதோடு விட்டிருப்பார். சுற்றி நின்ற அத்தனை பேர் முன்னால் நான் உன்னைக் காட்டினேன்.

"பெட்டியெல்லாம் இவன் பொறுப்புங்க. ஒரிஜினல் ஸ்பீக்கர எடுத்துட்டு டூப்ளிகேட் போட்டு வச்சிருக்கான் போல. எனக்கே இப்பதான் தெரியுது."

நீ என்னைப் பார்த்தாய். வயர்களை எப்போதும்போல வட்டமாகச் சுருட்டி, கட்டிப் போட்டுவிட்டு, முசிறி பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து போய்விட்டாய்.

திருச்சிக்கு வந்த பிறகு நான் சும்மா இருக்கவில்லை. முசிறியில் புகைந்த கதை எனக்கு முன்னால் ஊருக்கு வந்துவிட்டது. வயர் மாற்றிக் கொடுக்கிற டீஜேவை யார் கூப்பிடுவார்கள்? அதனால் சவுண்டுக்காரர்கள் கூடுகிற டீக்கடையில் உன் கதையைச் சொன்னேன். பந்தல்காரர்களிடம் சொன்னேன், மண்டப மேனேஜர்களிடம் சொன்னேன். முசிறியில் சொன்ன 'போல' இரண்டாவது ஆளிடம் சொல்லும்போதே காணாமல் போயிருந்தது. ஒரே வாரத்தில் வேலை முடிந்தது.

நாலாம் நாள் நீ ஃபோன் செய்தாய். திட்டப் போகிறாய் என்று காத்திருந்தேன். "பெட்டியத் தொறந்து பாரு. பாத்துட்டுக் கூப்புடு" என்று மட்டும் சொன்னாய். எனக்கு வேலை இருக்கிறது என்று வைத்துவிட்டேன். திறந்தால் உள்ளே என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் பேனர் துணியைப் போர்த்தினேன்.

அதற்கப்புறம் உன்னை யாரும் கூப்பிடவில்லை. ஸ்ரீரங்கத்தில் உபன்யாசங்களுக்கு மைக் செட் போட ஆரம்பித்தாய் என்று கேள்விப்பட்டேன். ஒரு நாள் உத்தர வீதியில் நீ ஏணியில் ஏறி, கம்பத்தில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். பேச்சு மட்டும் கேட்டால் போதும், பேஸ் அறவே வேண்டாத வேலை. உன் கைக்கு அந்த வேலையைக் கொடுத்தவன் நான். நீ ஏணியிலிருந்து தலையை ஆட்டினாய். நான் ஃபோன் பேசுகிறவன் மாதிரி காதில் வைத்துக்கொண்டு வண்டியைத் திருப்பினேன்.

உன்மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது. நீ டீக்கடைக்கு வந்து நாலு பேர் முன்னால் என் சட்டையைப் பிடித்திருக்க வேண்டும். குடோன் சாவி ஒன்று உன்னிடமும் இருந்தது. வந்து நீயே திறந்து, ஃபோட்டோ எடுத்து எல்லோருக்கும் அனுப்பியிருக்கலாம். நான்தான் திறக்க வேண்டும் என்று உட்கார்ந்திருந்தாய். நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை என்று ஒன்பது வருஷம் கூட இருந்தவனுக்குத் தெரியாதா? போன ஆடியில் நெஞ்சுவலி என்று ஆட்டோவில் ஏற்றினார்களாம், ஆஸ்பத்திரி வரை தாங்கவில்லையாம். கொள்ளிடக் கரைக்கு உன்னைக் கொண்டு போனபோது, எதிரே ஒரு கடையில் தண்ணீர் பாட்டில் வாங்குகிறவனாக நின்றேன். வீட்டுக்குள் வரவில்லை.

பெட்டியைத் திறந்த மறுநாள்தான் உன் வீட்டுக்குப் போனேன். உன் மனைவி உட்காரச் சொன்னாள். வயர், முசிறி, டூப்ளிகேட் என்று நான் சொன்ன எல்லாவற்றையும் நின்றபடியே கேட்டாள்.

"அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எங்கிட்ட எதுக்குண்ணா சொல்றீங்க? எம் பொண்ணு காலேஜ்ல போன மாசம் விழா. வந்த சவுண்டுக்காரன் அவகிட்ட கேட்டிருக்கான், நீ டூப்ளிகேட் ஸ்பீக்கர்காரர் பொண்ணுதானன்னு. யார் யார்கிட்ட சொன்னீங்களோ, அவங்ககிட்ட போயி சொல்லுங்க."

அவள் சொன்னது நியாயம். அன்றைக்கே டீக்கடைக்குப் போனேன். பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். உள்ளே மாறியிருந்த வயரை ஃபோனில் காட்டி, பற்றவைத்தது நான், மாற்றியது நான், பொய் சொன்னதும் நான் என்று ஒன்று விடாமல் சொன்னேன். செருப்பால் அடிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஃபோன் கைக்குக் கை மாறி என்னிடம் திரும்பி வந்தது. பிறகு அவர்களில் மூத்தவர் என் தோளில் கை வைத்தார்.

"போய்ச் சேந்தவன் பேரு கெடக் கூடாதுன்னு உங்க மேல பழியப் போட்டுக்கிறீங்க. பெரிய மனசுங்க உங்களுக்கு."

இல்லை, நிஜமாகவே நான்தான் என்றேன். அவன் பொண்ணு கல்யாண வயசுல இருக்குல்ல, எங்களுக்குப் புரியுதுங்க என்றார் இன்னொருவர். ஃபோட்டோவை மறுபடி காட்டினேன். வயரை நேற்று நானே மாற்றிப் பற்றவைத்திருப்பேன் என்று சொல்லிச் சிரித்தார்கள். எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்கள். நான் உன்னைத் திருடன் என்று சொன்னபோது ஒருவன்கூட ஆதாரம் கேட்கவில்லை. அடுத்த வாரம் இரண்டு புது விழாக்கள் எனக்கு வந்தன. இவ்வளவு நல்ல மனுஷனிடம் நம்பிக் கொடுக்கலாம் என்று அதே மூத்தவர்தான் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

நிறுத்தவில்லை. காட்டூரில், உறையூரில், முசிறி மண்டியில் என்று ஒவ்வொருவராகத் தேடிப் போய்ச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். மண்டிக்காரர், விடுங்க தம்பி, அவர்தான் போயிட்டாரே என்றார். நான் எவ்வளவு சொல்கிறேனோ அவ்வளவுக்கு நான் நல்லவனாகிறேன், நீ அதே இடத்தில் நிற்கிறாய். உன் பெண்ணை எந்த முகத்தோடு பார்ப்பது என்று தெரியாமல், அவள் வீட்டில் இருக்கிற நேரத்தில் உன் தெருப்பக்கம் போவதில்லை.

நேற்று ஜீயபுரத்தில் ஒரு பந்தல்காரரிடம் சொன்னேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். கண் கலங்கிவிட்டது அவருக்கு. இந்தக் காலத்தில் இப்படி ஒரு நண்பனா என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். உடனே கையை இழுத்துக்கொண்டேன் என்று உனக்கு எழுத ஆசையாக இருக்கிறது. இழுக்கவில்லை.