மூக்கன் சுமந்த கருவி

என்னோடு பேசாமலிருக்கும் தோழிக்கு,

பக்கத்து அறையில் அப்பா தூங்குகிறார். விளக்கைத் துணியால் மறைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

அந்தக் கருவியை உங்கள் படகில் வைத்தது நான்தான்.

அன்று காயலில் நீர் வற்றுமுன் எங்கள் வலையை நான் சுருட்டியிருக்க வேண்டும். தூங்கிவிட்டேன். விடியற்காலையில் போனபோது ஒரு கருவால் மூக்கன் பறவை அதில் சிக்கிச் செத்திருந்தது. அதன் நீண்ட அலகு முழுதும் சேறு. முதுகில், அது பறந்துபோகும் இடங்களை அறிய ஹாலந்துக்காரர்கள் கட்டிவிட்ட கருவி. தெரிந்தால் காயல் காவலர்கள் அப்பாவின் வலையைப் பறித்துவிடுவார்கள் என்று பறவையைப் புதைத்தேன். யாரோ வரும் சத்தம் கேட்டதும் கருவியைப் பக்கத்தில் நின்ற உங்கள் படகின் பலகைக்கடியில் செருகிவிட்டு ஓடினேன். பறவையோடு அதுவும் செத்துவிட்டதென்றே நினைத்தேன்.

அதன் சமிக்ஞையைப் பின்தொடர்ந்து காவலர்கள் வந்தார்கள். பயணிகளுக்குப் பறவை காட்டும் உரிமத்தை உன் அப்பாவிடமிருந்து பிடுங்கிக்கொண்டார்கள்.

"என்ன இத்ரீஸு, காட்டிக் காட்டிக் கடைசியில நீயே தின்னுட்டியா?" என்று படகுத்துறையில் உன் அப்பாவைக் கேட்டான் ஹமூ. எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவர் என் அப்பா.

நீ என் கையைப் பிடித்தாய். "எங்கப்பா அப்படிச் செய்வாராடி? நீயாவது சொல்லேன்."

"எனக்கென்ன தெரியும்" என்றேன்.

நேரில் போய்ச் சொல்லும் தைரியம் எனக்கு இன்னும் வரவில்லை. இதைக் காவலர்களிடம் கொடு. பெயரை நான் எழுதவில்லை. கையெழுத்தை என் பள்ளி நோட்டோடு ஒப்பிட்டால் அவர்களுக்கே தெரிந்துவிடும். நோட்டையும் இதோடு வைத்திருக்கிறேன்.

உன் பக்கத்து இருக்கைக்காரி