எடுத்துப்போட்ட வெங்காயம்

பாக்னர், மெல்பர்ன்
பிப்ரவரி, ஞாயிறு மாலை

அன்புள்ள சவேரியோவுக்கு உன் மனைவி ஒர்னெல்லா எழுதிக்கொள்வது.

இங்கே நான் சுகம். நீ சுகமா என்று கேட்கப் போவதில்லை. அதைத்தான் உன் தங்கை பீனா இன்று பூசை முடிந்ததும் கோயில் வாசலில் நின்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தாளே. "அண்ணன் முகத்துல ரத்தம் ஊறியிருக்கு அண்ணி. அந்தம்மா கைச்சோறு தின்ன நாள்ல இருந்து வயிறு சத்தமே போடலையாம்" என்றாள். பக்கத்தில் நின்ற பெண்களெல்லாம் என் முகத்தைத்தான் பார்த்தார்கள். கல்யாணமான நாளிலிருந்து உனக்கு வடித்துக் கொட்டியவள் நான். நல்ல பெயர் வாங்கியது, நீ வேலைக்குப் போன ஹார்ஷமில் உனக்கு இடம் கொடுத்து விடுதி நடத்தும் கிளெனிஸ்.

போனில் பேசலாம்தான். உன் குரலைக் கேட்டதும் எனக்குக் கோபம் முந்திக்கொள்கிறது, நீயும் வேலை இருக்கிறது என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். கடைசிவரை படி.

சில வாரம் முன்பு பீனா ஒரு படமும் காட்டினாள். நீ கிளெனிஸின் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து சிரிக்கிறாய். நம் கல்யாணப் படத்தில்கூட பல் தெரியாத மனுஷன் நீ. உன் எதிரே இன்னொரு தட்டு இருக்கிறது. விடுதியில் அத்தனை பேர் தங்கியிருக்கும்போது உனக்கு எதிரே மட்டும் ஏன் ஒரு தட்டு என்று கேட்டேன். "அந்தம்மாவுக்கும் இதே வயித்து வியாதியாம் அண்ணி. ரெண்டு பேருக்கும் ஒரே பத்தியச் சாப்பாடு, அதான் சேர்ந்து உட்கார்றாங்க" என்றாள் பீனா. அவள் கள்ளமில்லாமல்தான் சொன்னாள். எனக்கு அன்று முழுக்கத் தண்ணீர்கூட இறங்கவில்லை. உனக்கு வந்தது வயிற்றுவலி, எனக்கு வந்திருப்பது வயிற்றெரிச்சல். இதற்கு எந்த டாக்டரிடம் போவது?

தட்டில் என்ன என்றும் உற்றுப் பார்த்தேன். வெந்த உருளைக்கிழங்கு, சுட்ட ஆட்டுக்கறி, நாலு பச்சை பீன்ஸ். மிளகுகூடப் போட்டமாதிரி தெரியவில்லை. இதற்கா என் மேசையை விட்டுப் போனாய்? ஒரு பெரிய சமையற்காரியிடம் தோற்றிருந்தால் மனசு ஆறியிருக்கும். உருளைக்கிழங்கு அவிக்கிறவளிடம் தோற்றுவிட்டேன்.

நீ கடைசியாக வீட்டுக்கு வந்த அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீ லீவில் வருகிறாய் என்று காலையிலிருந்தே பாஸ்தாவுக்கு ஊற்றத் தக்காளிச் சூகோ கொதிக்க வைத்தேன். டாக்டர் உனக்கு வெங்காயம் ஆகாது, பூண்டு ஆகாது, கோதுமை ஆகாது என்று சொன்னதெல்லாம் எனக்குத் தெரியும். கடைகடையாய் அலைந்து அரிசி மாவு பாஸ்தா வாங்கினேன். சூகோவில் வெங்காயத்தை நறுக்கவில்லை. எங்கள் அம்மா போடுகிற மாதிரி தோலுரித்து முழுசாகப் போட்டு, பரிமாறுமுன் எடுத்துப் போட்டுவிட்டேன். உன் தட்டில் ஒரு துணுக்கு வெங்காயம் இல்லை என்று மாதாமேல் சத்தியம் செய்தேன். காபி வருவதற்குள் நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிட்டாய். அப்புறம் குப்பைக்கூடையைத் திறந்து அந்த வெங்காயத்தைப் பார்த்தாய். "பொய் சத்தியம் பண்ணிட்டியே ஒர்னெல்லா. அங்க ஒருத்தி எனக்கு உண்மையா சமைக்கிறா" என்றாய். அன்று மாலையே காரை எடுத்துக்கொண்டு போய்விட்டாய். ஒரு மாத வேலை என்று போனவன், அந்தத் தானியச் சிலோ கட்டி முடிகிறவரை அங்கேயே இருக்கிறேன் என்று சொல்லியனுப்புகிறாய்.

நான் பொய் சொல்லவில்லை சவேரியோ. அதை நிரூபிக்கத்தான் உன் உணவு ஆலோசகர் மெய் லின்னிடம் நானே நேரம் வாங்கிக்கொண்டு போனேன். சண்டை போடத்தான் போனேன், மறைப்பானேன். "முழு வெங்காயம், முழுசா எடுத்துட்டேன், ஒருத்தரும் திங்கல. அப்புறம் எப்படி வலி வரும்? அந்த ஆளு நடிக்கிறாரா?" என்று கேட்டேன். அந்தப் பெண் சிரிக்கவில்லை. "டீ பையை எடுத்துட்டா டீ வெந்நீர் ஆயிடுமா ஆன்ட்டி? வெங்காயத்தை எடுத்தீங்க, அதுல இருந்த சர்க்கரை குழம்புத் தண்ணியில இறங்கிடுச்சு. அவர் குடலுக்கு அதுதான் ஆகாது. அவரும் நடிக்கல, நீங்களும் ஏமாத்தல" என்றாள். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. உனக்கு ஆகாததைக் கொடுத்தவளும் நான்தான், தெரியாமல் கொடுத்தவளும் நான்தான்.

அவள் இன்னொன்றும் சொன்னாள். அந்தச் சர்க்கரை தண்ணீரில் இறங்கும், எண்ணெயில் இறங்காதாம். பூண்டை வெறும் ஆலிவ் எண்ணெயில் வதக்கி, பூண்டை எடுத்துப் போட்டுவிட்டு, அதன் பிறகு தக்காளியை ஊற்ற வேண்டுமாம். வாசனை அப்படியே இருக்கும், வயிறு சும்மா இருக்கும். வெங்காயத்தாளில் பச்சைப் பாகத்தை மட்டும் நறுக்கிப் போடலாமாம். வீட்டுக்கு வந்து செய்து பார்த்தேன். சூகோ சூகோவாகவே இருக்கிறது. ஷெட்டில் தொங்கிய வெங்காயச் சரத்தைப் பீனாவுக்குக் கொடுத்துவிட்டேன். நீ இல்லாமலே நான் தினமும் உன் பத்தியச் சாப்பாட்டைத்தான் சாப்பிடுகிறேன். அங்கே உன் எதிரே ஒரு தட்டு இருந்தால், இங்கேயும் ஒன்று இருக்கட்டும் என்றுதான்.

வருகிற சனிக்கிழமை தக்காளி நாள், வருஷத்துக்கும் வேண்டிய தக்காளியை அரைத்துப் பாட்டிலில் அடைக்க வேண்டும். பெட்டிகள் வெள்ளிக்கிழமை வந்துவிடும். அரைக்கிற மெஷினைக் கழுவி வைத்திருக்கிறேன், பாட்டில்களும் தயார். பாட்டில்களை வேகவைக்கிற பீப்பாய்க்கு அடியில் தீ மூட்ட ஆள் இல்லை. பீனாவின் புருஷன் தான் மூட்டுகிறேன் என்கிறான், அவன் மூட்டினால் பாதிப் பாட்டில் வெடிக்கும். பாட்டிலில் தக்காளியும் துளசியும் மட்டும்தான், நீயே பக்கத்தில் நின்று பார்த்துக்கொள். கிளெனிஸுக்கும் இரண்டு பாட்டில் கொடுத்தனுப்புகிறேன். கொடுக்க மனசில்லைதான், ஆனாலும் உன்னைப் பட்டினி போடாமல் பார்த்துக்கொண்டாள். உருளைக்கிழங்கு மேல் ஊற்றிக்கொள்ளட்டும்.

கொஞ்ச நாள் பத்தியம் இருந்த பிறகு, விலக்கினதை ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துப் பார்க்க வேண்டும், அப்போதுதான் எது ஒத்துக்கொள்கிறது என்று தெரியும் என்று மெய் லின் சொன்னாள். உனக்கு அந்தக் கட்டம் வந்துவிட்டதாம். பாலும் ஆப்பிளும் ரொட்டியும் பிறகு ஆகட்டும் சவேரியோ. முதலில் என்னைச் சேர்த்துப் பார்.

புனித அந்தோணியார் உன் வயிற்றையும், என்னை நினைக்கிற உன் மனசையும் காக்கட்டும்.

சனிக்கிழமை விடியுமுன் வாசல் விளக்கைப் போட்டு வைத்திருப்பேன்.

உன்
ஒர்னெல்லா