ஓட்டை இல்லாத இலை

2005 ஜூன் 13, திங்கள்
சாரல், கூடவே பேய்க்காற்று. உத்தமபாளையம் வரை பஸ்ஸில் நின்றே பயணம். ஆனாலும் நல்ல நாள். வெட்டுக்காயப் பூண்டு இலையில் செய்த களிம்பு தடவிய எலிகளுக்கு முதுகுப் புண் மூடி, வீக்கமும் வற்றிவிட்டது. வெறும் களிம்பு தடவியவைக்கு இன்னும் ஈரப்புண். கைடு சார் முதல்முறையாக என்னிடம் சிரித்தார். பி.எச்டி. கண்ணுக்குத் தெரிகிறது.

ஜூன் 14, செவ்வாய்
வீட்டில் சொன்னேன். இலை பறித்துத் தந்த அத்தாவுக்கு மகளை நினைத்துப் பெருமை தாங்கவில்லை.

"நல்ல இலையா கேட்டேல்ல? வரப்புல கெடக்குறது பூராம் பூச்சி அரிச்சது. நம்ம திராட்சைப் பந்தலுக்குக் கீழ, துத்தம் அடிச்ச இடத்துல பறிச்சேன். ஒரு ஓட்டை இருந்துச்சா?"

பந்தலுக்கு அடிக்கும் மயில்துத்த மருந்தே கிருமியைக் கொல்லுமே. எலியை ஆற்றியது பூண்டா, துத்தமா?

ஜூன் 15, புதன்
சாரிடம் சொன்னேன். "கழுவித்தான காயவச்ச? விடும்மா." எப்படி விடுவது? மயிலாடும்பாறை போய் மானாவாரிக் காட்டில் நானே பறித்தேன். மருந்து படாத இலை. அத்தனையும் ஓட்டை. செருப்பு அறுந்தது.

ஜூலை 18, திங்கள்
புது இலையின் முடிவு. பூண்டு எலியும் வெறும் களிம்பு எலியும் ஒன்றுபோலத்தான் ஆறின. வீக்கமும் அப்படியே. பட்ட பாடெல்லாம் நாசம்.

சார்: "இதை யாரு கேட்டா? முதல் ரிசல்ட் போதும்." வெட்கம் கெட்ட மனிதர். கட்டுரையில் என் பெயரைப் போடாதீர்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஜூலை 22, வெள்ளி
பேப்பரில் செய்தி. புண் ஆற்றும் மூலிகை, தேனி மாணவி சாதனை. சார் படம் பெரிதாக, என் படம் ஸ்டாம்ப் அளவில். அத்தா டீக்கடையில் எல்லோருக்கும் காட்டியிருக்கிறார். நான் போனால், "ஏலே, டாக்டரம்மா வருது, வழி விடு." எரிச்சல். அழுகை.

ஜூலை 24, ஞாயிறு
மழை இல்லை. துணி காய்ந்தது. அத்தா நொண்டி நொண்டி நடந்தார். சுகர்காரர். போன மாதம் முள் குத்திய புண்ணாம், மறைத்திருக்கிறார். பேப்பரைப் பார்த்த அன்றே புண்ணுக்குப் போட்ட மாத்திரையை நிறுத்திவிட்டு இலைக் கட்டு. பிரித்தேன். பெருவிரல் கறுத்திருக்கிறது. நாற்றம்.

"நம்ம தோட்டத்து எலைதான். சுத்தமானது."

"அத்தா, அது ஆத்தாது. நான் திரும்ப டெஸ்ட் பண்ணிப் பாத்துட்டேன்."

"பேப்பர்லயே போட்டிருக்காக. நீ என்ன புதுசா சொல்ற?"

தேனி ஆஸ்பத்திரிக்குக் கார் சொல்லியாயிற்று. அத்தா கைலி மாற்றுகிறார். அந்தப் பேப்பரை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்கிறார், டாக்டரிடம் காட்ட.