பதினைந்தாவது ஆள்

யூலை 2, புதன்

விடியவே சோளகக் காற்று. பால் நிலையக் கதவு நிற்கவில்லை, கல் வைத்தேன். மேய்ச்சல் காய்ந்து பாலும் குறைந்துவிட்டது. கனகம்மா அக்காவின் பாலில் மீற்றர் தாழ்ந்தது, தண்ணீர் கலந்த பால். கேட்டால், "மாடு தண்ணி கூடக் குடிச்சிட்டுது பிள்ளை" என்றா. பழி மாட்டின் தலையில்.

பின்பக்கம் வாளி கழுவிக்கொண்டிருந்தபோது யோகன் அண்ணையும் ஜெயந்தியும் பால் கொண்டு வந்தார்கள். அவர் விளையாட்டுக் கழகச் செயலாளர், எங்கள் பெண்கள் உதைபந்தாட்ட அணிக்கும் அவர்தான் பெரியவர். ஜெயந்தி கப்டன். நான் பின்னுக்கு நிற்பது இரண்டு பேருக்கும் தெரியாது. யோகன் அண்ணைதான் தொடங்கினார்.

"மாங்குளம் போட்டிக்குப் பதினாலு பேர் சரி. கடைசி இடத்துக்கு வினோவைப் போடுவம். ரெண்டாவது கீப்பர் இல்லாமல் போகேலாது."

"அப்ப சாந்தி?"

"சாந்தி த்ரோ மட்டும்தானே எறியிறவள். முழங்கால் போனாப் பிறகு ஓடவும் மாட்டாள். த்ரோவுக்கெண்டு ஒராளைக் காவிக்கொண்டு போறதோ? அதுவும் எங்கட கிரவுண்டில ஒரு பக்கம் முள்ளுக்கம்பி வேலி. ஓடிவந்து எறிய இடமில்லை. அரைக் கிரவுண்டுக்கு ஒரு முழு ஆள்!"

ஜெயந்தியும் சிரித்தாள். வேறு யாரைப் பற்றியாவது சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன். நல்ல பகிடி.

பிறகு சொன்னார்: "கோமதி பிரான்சுக்குப் போனதோட உந்த எறியும் முடிஞ்சுது."

வாளியைத் திரும்பவும் கழுவினேன். கழுவின வாளி.

வாங்க வேண்டியது: சவுக்காரம், அம்மாவின் பிரஷர் குளிசை, முழங்கால் பட்டி (வேணுமோ தெரியாது).

யூலை 3, வியாழன்

காற்று இன்னும் அடங்கவில்லை. பின்னேரம் பயிற்சி. முதலில் மாடு கலைக்கும் பயிற்சி, பிறகுதான் பந்து.

வாய்க்கால் பக்கத்தில் த்ரோ கிடைத்தது. ஓடி வந்தேன், இரண்டு கையும் தலைக்கு மேலே, இரண்டு காலும் நிலத்தில். விட்ட உடனேயே தெரிந்தது நல்ல எறி என்று. கீப்பருக்கு மேலால், கம்பத்துக்குக் கீழால், நேரே வலைக்குள். ஒருவரிலும் படவில்லை. த்ரோ நேரே உள்ளே போனால் கோல் இல்லை, எதிராளிக்குக் கோல் கிக். இது ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வேலிக்கு அங்கால் நின்ற பெடியள் கை தட்டினார்கள். "அக்கா, கோல் இல்லாத கோல்!"

தர்சிகா வந்தாள். பிரான்சுக்குப் போன என் கோமுவுக்குப் பதிலாக முன்வரிசையில் ஆடுகிறவள், இந்த வருடம்தான் சேர்ந்தவள். கட்டை. ஆனால் மானைப்போல ஓடுவாள்.

"அக்கா, நான் இஞ்ச நிக்கிறன். நீங்கள் அங்க எறியிறியள்."

"காத்தடி."

"காத்து எல்லா நாளும் ஒரே இடத்துக்கோ கொண்டு போகுது?"

வாய்க்காரி. ஆனால் சொன்னது பொய்யில்லை. பந்து கடந்து போன இடம் கோமு நிற்கிற இடம். இரண்டாவது கம்பத்துக்கு ஓரடி முன்னால். அங்கேதான் நிற்பாள், கழுத்தைக் கொஞ்சம் சரித்துக்கொண்டு.

நாங்கள் இதைப் பந்தில் பழகவில்லை. கோமு வீட்டு வயலில் அறுவடை முடிந்தால் நான் கீழே நின்று வைக்கோல் கட்டு எறிவேன், அவள் ரக்ரர் பெட்டியில் ஏறி நின்று பிடிப்பாள். கண்ணில் தூசி. அவள் நிற்கிற இடத்தைப் பார்க்காமலே எறியப் பழகிவிட்டேன். பார்க்கத் தேவை இருக்கவில்லை.

அவள் போய் இரண்டு வருடம். இன்னும் பார்க்காமல்தான் எறிகிறேன்.

யூலை 4, வெள்ளி

வாசிகசாலையில் கூட்டம். கதிரை காணாது, பாதிப் பேர் நிலத்தில். பிளேன்ரீ, ஆளுக்கு ஒரு பிஸ்கற். மாங்குளத்துக்கு இன்றே பெயர்ப் பட்டியல் அனுப்ப வேண்டும். வினோ எனக்கு நேர் எதிரே இருந்தாள். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் சுவர்க் கலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒருத்தி: "கடைசிப் பத்து நிமிசம் எறியிறதுக்கெண்டு ஒராளோ?"

இன்னொருத்தி: "கீப்பருக்கு அடிபட்டா ஆர் நிக்கிறது? சாந்தியக்காவோ? பந்தைப் பிடிச்சுத் திருப்பி எறிஞ்சு போடுவா."

எல்லாரும் சிரித்தார்கள். வினோவும்.

அப்போது ஜெயந்தி எழும்பினாள். "கீப்பர் விழுந்தா நான் கையுறை போடுறன். அது என்ர பொறுப்பு. போன முறை போன இடத்தில ஒரு கோல்கூட அடிக்கேல்லை நாங்கள். கோல் விடாமல் நிக்க ஆள் இருக்கு. அடிக்க வழி ஆர் வச்சிருக்கிறியள்? சாந்தியின்ர த்ரோ ஒரு கோணர் கிக் மாதிரி. அதை ஏன் வீட்டில விட்டிட்டுப் போறியள்?"

புதன்கிழமை சிரித்தவள்தான் இவள். மனிதர்களை விளங்கிக்கொள்ள ஏலாது.

யோகன் அண்ணை என்னைப் பார்த்தார். "நீ என்ன சொல்லுறாய்?"

முழங்காலைப் பற்றி, காற்றைப் பற்றி, மாங்குள மைதானத்தில் இரண்டு பக்கமும் வேலி இல்லை என்பதைப் பற்றி, எல்லாம் யோசித்து வைத்திருந்தேன். வாயைத் திறந்தால் வந்தது ஒன்றுதான்.

"எனக்குப் போகவேணும் அண்ணை."

வெட்கம் கெட்ட கதை. அவர் பேனையைத் தட்டிக்கொண்டே இருந்தார். பிறகு எழுதினார்.

"போட்டிட்டன். ஆனா ஒண்டு, எறியிறது உன்ர வேலையெண்டா அது ஒருத்தியின்ர தலையில படவேணும். இல்லாட்டி அது சும்மா எறி."

வெளியே வினோ சைக்கிளை எடுத்துக்கொண்டு நின்றாள். "வெண்டு வாங்கோ அக்கா" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல். எனக்குச் சந்தோசம். அவளைப் பார்க்கவும் பாவமாக இருந்தது. சந்தோசம்தான் கூட. உண்மையை எழுதுகிறேன்.

யூலை 5, சனி

அம்மாவுக்குக் குளிசை வாங்கியாயிற்று. முழங்கால் பட்டியும்.

பின்னேரம் கோமு போன் எடுத்தாள், முகம் தெரிய. அங்கே மதியம். வேலை இடத்தில், படிக்கட்டில் இருந்து பாண் துண்டைக் கடித்துக்கொண்டு. மெலிந்துவிட்டாள். "இல்லையடி, கமராவில அப்பிடி" என்கிறாள்.

"பேர் போட்டாச்சோ?"

"ஓம்."

"எனக்குத் தெரியும். உன்னைப் போடாமல் ஆரைப் போடப்போகினம்?" பிறகு, "கிரவுண்டைக் காட்டு" என்றாள்.

நடந்து போய்க் காட்டினேன். ஒன்றுமில்லை அங்கே. நாலு மாடு, காய்ந்த புல், சரிந்த கம்பம். அவள் பாணைக் கடிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். காற்றுச் சத்தம் கேட்கிறதா என்று கேட்டேன். கேட்கிறதாம். கொஞ்ச நேரம் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எனக்கு எறியிற மாதிரியே எறி. ஆராவது வந்து நிப்பினம்" என்றாள்.

ஒருவரும் வந்து நிற்கவில்லை என்று சொல்ல மனம் வரவில்லை.

இவள் போன நாளிலிருந்து என்ன குறைந்தது என்று யாரும் கேட்டால் சொல்லத் தெரியாது. பயிற்சி முடிந்து தண்ணீர்ப் போத்தலை அவள்தான் முதலில் பறிப்பாள். இப்போது போத்தல் முழுக்க எனக்கு. குடித்து முடிக்க ஏலவில்லை. அவ்வளவு ஆசையாக இருக்கிறது, யாராவது பறிக்க மாட்டார்களா என்று.

யூலை 6, ஞாயிறு

தர்சியும் நானும் மட்டும். வெயில் தாழப் போனோம். அவள் நின்று அடிக்கிற ஆள் இல்லை, ஓடிவந்து அடிக்கிற ஆள். அவளுக்கு உயரம் வேண்டாம், வேகம் வேணும். முதல் கம்பத்துக்கு, பதிவாக, தாழ.

தலைக்குத் தெரிகிறது. கைக்குத் தெரியவில்லை. எறிகிறதெல்லாம் பின்னுக்குப் போய் விழுகிறது.

"அக்கா, ஆரைப் பாக்கிறியள்?"

"ஒருத்தரையும் பாக்கேல்லை."

"அதுதான் பிழை. என்னைப் பாருங்கோ."

கோபம் வந்தது. இவள் யார் எனக்குச் சொல்ல என்று. இருண்டு வரும்போது ஒன்று சரியாகப் போனது. அடித்துவிட்டு ஓடிவந்து கட்டிப்பிடித்தாள், வியர்வை நாற்றத்தோடு. நான் மரம்போல நின்றேன். கோமுவுக்கு ஏதோ துரோகம் செய்துவிட்ட மாதிரி. பைத்தியக்கார எண்ணம்தான், ஆனால் அப்படித்தான் இருந்தது.

யூலை 9, புதன்

பயிற்சி. பாதி சரி, பாதி பின்னுக்கு. முழங்கால் வீக்கம். அம்மா நல்லெண்ணெய் பூசிக்கொண்டே பேச்சு. "கலியாணம் செய்யிற வயசில பந்தெறிஞ்சு திரியிறாய்." எண்ணெயும் விழுகிறது, பேச்சும் விழுகிறது. எண்ணெய் நல்லது.

வினோ பால் கொண்டு வந்தாள். மீற்றர் சரி. பேச்சு இல்லை.

யூலை 12, சனி

மாங்குளம். சின்ன பஸ்ஸில் நெருக்கி அடித்து. வழியெல்லாம் பாட்டு, ஒருத்தி சத்தி எடுத்தாள். மைதானம் பெரிது, இரண்டு பக்கமும் வெளி. எறிய எவ்வளவு இடம்!

முதல் பாதி கோல் இல்லை. இரண்டாம் பாதியும் இழுபட்டது. முடிகிற நேரம் யோகன் அண்ணை கையைக் காட்டினார். "போ."

உள்ளே போனவுடனே ஒரு த்ரோ. ஓடி வந்தேன், எறிந்தேன். பந்து எல்லாருக்கும் மேலால் போய் இரண்டாவது கம்பத்துக்குக் கிட்ட விழுந்தது. அங்கே ஒரு குஞ்சு குருவியும் இல்லை. யோகன் அண்ணை தலையில் கை வைத்தார். கண்ணால் கண்டேன்.

இன்னொன்று கிடைத்தது. பந்தை ஜேர்சியில் துடைத்தேன். இந்த முறை பார்த்தேன். தர்சி கோலுக்குத் தள்ளி நின்று எனக்குக் கண் காட்டினாள். அவளை மட்டும் பார்த்துக்கொண்டு, கோமு நிற்கிற பக்கம் பார்க்காமல், பதிவாக எறிந்தேன்.

ஓடி வந்தாள். படார் என்று ஒரு சத்தம். வலை ஆடியது.

எல்லாரும் என் மேலே. யோகன் அண்ணை ஓடிவந்தார், செருப்பு ஒன்று எங்கேயோ. "அரைக் கிரவுண்டு ஆளெண்டு ஆரடா சொன்னது!" என்று தானே கத்தினார். வென்றோம். அரை இறுதி வருகிற சனி.

பஸ்ஸில் தர்சி என் போத்தலைப் பறித்துக் குடித்தாள்.

யூலை 13, ஞாயிறு

உடம்பு முழுக்க நோவு. காற்று கொஞ்சம் குறைவு.

கோமு எடுத்தாள். ஜெயந்தி வட்ஸ்அப்பில் வீடியோ போட்டிருக்கிறாள், பார்த்துவிட்டாள்.

"நல்ல எறியடி. ஆனா ஏன் உவ்வளவு பதிவா?"

"தர்சி ஓடிவந்து அடிக்கிறவள். அவளுக்கு அப்பிடித்தான் வேணும்."

"அப்ப நான் நிக்கிற இடத்தில?"

"அங்க ஆளில்லை."

"ம்" என்றாள். நல்லம் என்றாள். தர்சி கெட்டிக்காரி என்றாள். அங்கே யாரோ அவளைக் கூப்பிட்டார்கள், வாறன் என்று அவர்கள் பாஷையில் சொன்னாள். போனை வைக்கப்போகிறாள் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

"சாந்தி, வாற வருசம் லீவு கிடைச்சா வருவன். வந்தா என்ர பேரும் போடுவியளோ?"

பகிடி என்று நினைத்து முகத்தைப் பார்த்தேன். சிரிக்கவில்லை. இரண்டு வருடமாக ஒரு பந்தைக்கூடத் தொடாதவள். இரண்டு கிழமைக்கு வந்து நின்றுவிட்டுப் போகிறவள். பதினைந்து பேர்தான் போடலாம்.

"யோகன் அண்ணையைக் கேட்டுச் சொல்லுறன்" என்றேன்.