மச்சான் வாங்கிய கப்பல் காசு

ஐப்பசி 14, வெள்ளி.

கப்பல் படம் போட்ட காசு ஒன்றை மச்சான், என் தங்கச்சியின் கணவர், போன மாதம் வாங்கினார். வெல்வெட் பெட்டி, உத்தரவாதப் பத்திரம் எல்லாம் உண்டு. தங்கம் மேலே பூசினது மட்டும்தான். இன்றைக்கு இன்னும் ஐந்து வாங்கப் போகிறாராம். அதற்காக என் தங்கச்சியின் காப்பு இரண்டையும் விற்கக் கழற்றி வைத்திருந்தார். சண்டையில் ஊரை விட்டு ஓடிய இரண்டு தடவையும் அந்தக் காப்புகளை அடகு வைத்துத்தான் நாங்கள் எல்லோரும் சாப்பிட்டோம்.

காசு விற்கிறவன் பாலையூற்றில் இருக்கும் மச்சான் வீட்டுக்கு வந்ததும் நானே கேட்டேன்.

"தம்பி, விலை ஏறுமெண்டுதானே சொல்லுறீர்? அப்ப போன மாசம் வித்த இந்தக் காசைப் பாதி விலைக்கு நீரே எடுமன்."

"இல்லை அண்ணை, நாங்கள் விக்கிறது மட்டும்தான். திருப்பி எடுக்க ஏலாது."

"கேட்டியளே மச்சான்? பெத்தவனே பிள்ளையைத் தூக்க மாட்டானாம்!"

தங்கச்சி காப்புகளை எடுத்துக் கையில் போட்டுக்கொண்டாள். அவன் பெட்டிகளைக் கட்டிக்கொண்டு போய்விட்டான். மச்சான்தான் பேச்சை விடவில்லை.

"இருபது வருசம் வைச்சிருந்து பாருங்கோ, அப்ப தெரியும் இதின்ர விலை."

"இருபது வருசத்தில இஞ்ச ஆர் மச்சான் இருக்கப்போறம்?"

பகிடிக்குத்தான் சொன்னேன். தங்கச்சி கையிலிருந்த காப்புகளைப் பொத்திப் பிடித்தபடி எழும்பிக் குசினிக்குள் போய்விட்டாள். அதற்குப் பிறகு எனக்கும் சிரிப்பு வரவில்லை.