முஜுகர என்று ஒரு சொல்

அன்புள்ள அம்மாவுக்கு,

இதை யாருக்கும் காட்டாதே, படித்ததும் கிழித்துவிடு. சித்தியிடம் போனில் ஒரு வார்த்தையும் கேட்காதே, அவள் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள். மஸ்கட்டில் நீ சுகமா, முதுகு வலி குறைந்ததா, அந்த வீட்டுக் குழந்தை ராத்திரியில் உன்னைத் தூங்க விடுகிறதா? நானும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை.

சித்தப்பாவுக்குப் பொம்மசந்திரா ஃபேக்டரியில் வேலை வாங்கிக் கொடுத்த டென்சில் அங்கிள் இப்போது நம் மாடி அறையில் தங்கியிருக்கிறார், சாப்பாடு கீழே எங்களோடு. நான் படிக்கும்போது நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்பார். ஒன்றும் சொல்ல மாட்டார், போகவும் மாட்டார். சித்தியிடம் சொன்னேன். "அடிச்சாரா, திட்டுனாரா? இல்லதானே? அவரு மூஞ்ச சுளிச்சா உங்க சித்தப்பா வேலைக்கு யாருடி பதில் சொல்றது?" என்றாள். ஒரு மாதிரியாக இருக்கிறது என்றேன். "என்ன மாதிரி, மகாராணி?" என்று சித்தப்பா சிரித்தார். அங்கிளும் சிரித்தார்.

போன வாரம் கன்னட வகுப்பில் வீணா மிஸ் முஜுகர என்ற சொல்லை வைத்து வாக்கியம் எழுதச் சொன்னார். வலி இல்லை, யாரும் ஒன்றும் செய்யவில்லை, ஆனாலும் உடம்பு தானாக நகரப் பார்க்கும், அதுதான் முஜுகர என்றார். "புதுச் செருப்பு கடிச்சா வருமே, அதா மிஸ்?" என்று மோனிகா கேட்க எல்லோரும் சிரித்தார்கள். மிஸ் மட்டும் சிரிக்கவில்லை. அதற்குக் காரணம் காட்ட வேண்டியதில்லை, சொன்னாலே போதும் என்றார். நான் எழுதி அடித்துவிட்டு, தாளைக் கொடுக்காமல் வந்துவிட்டேன். மிஸ் வீட்டுக்கு வந்து கேட்டால் சித்தப்பாவின் வேலை என்ன ஆகும்?

வெள்ளிக்கிழமை சித்தியும் சித்தப்பாவும் கேஜிஎஃப்பில் ஒரு கல்யாணத்துக்குப் போகிறார்கள், திரும்ப ஞாயிறு ஆகும். எனக்குப் பரீட்சை. அங்கிள் பார்த்துக்கொள்வார் என்று முடிவே செய்துவிட்டார்கள். அதற்குள் நீ சித்திக்குப் போன் செய்து, பரீட்சை முடியும்வரை நான் மோனிகா வீட்டில் இருக்கட்டும் என்று நீயாக நினைத்ததுபோல் சொல். மோனிகாவின் அத்தை நாளை மஸ்கட் திரும்புகிறார், அவரிடம் இதைக் கொடுத்தனுப்புவேன். மோனிகா வீட்டுப் போனிலிருந்து உன்னிடம் பேசலாம்தான், உன் குரல் கேட்டால் அழுதுவிடுவேன்.

பாத்ரூமில் பக்கெட்டைக் கவிழ்த்து உட்கார்ந்து எழுதுகிறேன், இந்த வீட்டில் எனக்குத் தாழ்ப்பாள் போட இது ஒன்றுதான். உன் புடவை ஒன்றையாவது விட்டுப் போயிருக்கலாம் நீ. என்ன காரணம் என்று நீயும் கேட்டுவிடாதே அம்மா. எனக்கு முஜுகரவாக இருக்கிறது, அவ்வளவுதான். மாத்திரையை மறக்காமல் போடு, உனக்காகத் தினமும் ஜெபம்

கதவைத் தட்டுகிறார்கள். சித்தியாக இருந்தால் ஜெனி என்று கூப்பிட்டிருப்பாள். இது