பஞ்சர் கடைக்காரர் மீது நான் எழுதிக் கொடுத்த பொய்

அனுப்புநர்:
டிரெய்லரின் உரிமையாளர்,
ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி ஆசிரியர்.

பெறுநர்:
காவல் ஆய்வாளர் அவர்கள்,
நெடுஞ்சாலைக் காவல் நிலையம்.

பொருள்: டிரெய்லர் டயர் வெடித்த விபத்தில் பஞ்சர் கடைக்காரர் மீது நான் கொடுத்த புகாரைத் திரும்பப் பெறுவதும், என்மீது நடவடிக்கை கோருவதும் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பதினாறு ஆண்டுகளாக மற்றவர்களுக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்து வருகிறேன். புறப்படுமுன் சக்கரங்களைச் சுற்றிப் பாருங்கள் என்பதுதான் என் முதல் பாடம். ஆகவே இம்மனுவை எழுதக் கை கூசுகிறது.

2. இம்மாதம் 4ஆம் தேதி காலை, மனைவியுடனும் அவர் தம்பியுடனும் ஏரிக்கரையில் மூன்று நாள் தங்கப் புறப்பட்டேன். காருக்குப் பின்னால் பழைய டிரெய்லர். அதில் கூடாரம், அடுப்பு, சிறு படகு. வழியில் ஒரு பஞ்சர் கடையில் காற்று பிடித்தோம். கடைக்காரர் டிரெய்லர் டயரின் பக்கவாட்டை விரலால் தடவிப் பார்த்து, "சார், மேல ரோட்டுல படுற பட்டன் தேயவே இல்ல. ஆனா பக்கம் பூரா வெடிப்பு. வெயில்ல நின்னே செத்துப்போன டயர் இது. பாரத்தோட போகாதீங்க" என்றார். மச்சான் என் முகத்தைப் பார்த்தான். அவன் முன்னால் இறங்கிப்போக மனமில்லாமல், "எனக்கே பாடமா? காத்தடிக்கிற வேலைய மட்டும் பாருப்பா" என்றேன். அவர் என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர்.

3. நாற்பது கிலோமீட்டர் தாண்டியதும் இடது டயர் வெடித்தது. டிரெய்லர் பாம்பாய் நெளிந்தது. எப்படியோ ஓரங்கட்டிவிட்டேன். ஆனால் பிய்ந்து பறந்த ரப்பர், பின்னால் ஸ்கூட்டரில் வந்த தையல்கார அம்மாளை அடித்தது. விழுந்ததில் அவருக்கு வலது மணிக்கட்டும் காலும் முறிந்தன.

4. தங்கள் நிலையத்தில் காரணம் கேட்டபோது, கடைக்காரர் அளவுக்கு மீறிக் காற்றடித்துவிட்டார் என்று எழுதிக் கொடுத்தேன். யாரும் தூண்டவில்லை. உரிமம் போய்விடும், பள்ளியில் தலைகாட்ட முடியாது என்ற பயம். மறுநாளே கடைக்குச் சீல் வைக்கப்பட்டது. காற்றடிக்கும் இயந்திரமும் எடுத்துச் செல்லப்பட்டது. அன்றிலிருந்து என் மனைவி தேவைக்கு மேல் என்னோடு ஒரு வார்த்தை பேசுவதில்லை.

5. நேற்று முன்தினம் பழம் வாங்கிக்கொண்டு மருத்துவமனைக்குப் போனேன். எனக்கு முன்பே கடைக்காரர் வந்து அம்மாளின் கட்டிலருகே நின்றிருந்தார். "முப்பது வருஷமா காத்து புடிக்கிறேம்மா. அன்னிக்கு மீட்டரைச் சரியாப் பாக்காம விட்டுட்டேனோ என்னவோ. மன்னிச்சிருங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். என் பொய்யை அவரே நம்பத் தொடங்கிவிட்டார், ஐயா. பழப்பையைச் செவிலியரிடம் கொடுத்துவிட்டு ஓசைப்படாமல் திரும்பிவிட்டேன். பொய் சொன்னதைவிட அப்படித் திரும்பியதே எனக்குப் பெரிய வெட்கம்.

6. வெடிக்காத இன்னொரு டயரில் தயாரிப்பு ஆண்டு அச்சாகியிருக்கிறது. பதினோரு ஆண்டுப் பழசு. அதிலும் அதே வெடிப்புகள். கழற்றிக் கொண்டுவந்து இந்த நிலைய வராந்தாவில் வைத்திருக்கிறேன்.

ஆகவே, கடைக்கு வைத்த சீலை அகற்றி இயந்திரத்தை இன்றே அவரிடம் ஒப்படைக்கவும், பொய் வாக்குமூலம் கொடுத்த என்மீது சட்டப்படி நடவடிக்கை எடுக்கவும் பணிவுடன் வேண்டுகிறேன். இன்னொன்றும் கேட்கிறேன், தகுதி இல்லைதான். தாங்கள் ஆள் அனுப்பிச் சொல்லுமுன், உண்மையைக் கடைக்காரரிடமும் அந்த அம்மாளிடமும் என் வாயாலேயே சொல்ல அனுமதியுங்கள். உடன் ஒரு காவலரையும் அனுப்பினால் நல்லது. என்மேல் எனக்கே நம்பிக்கை இல்லை.

இடம்: தங்கள் நிலைய வராந்தா
நாள்: 14ஆம் தேதி, முற்பகல்

தலைகுனிந்து ஒப்பமிடும்,
(கையொப்பம்)
டிரெய்லரின் உரிமையாளர்

சாட்சி: மனுதாரரின் மனைவி. கடைக்காரர் எச்சரித்தபோது முன் இருக்கையில் இருந்தேன். மேலே எழுதியிருப்பது உண்மை. இவர் பொய் எழுதியபோதும் பக்கத்தில்தான் நின்றேன். அன்றே நான் வாய் திறந்திருக்க வேண்டும்.
(கையொப்பம்)